பிள்ளையின் குறைக்குத் தாய் குற்றவாளியா?

(ஒரு கிராமத்து வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசிய பேச்சு)



குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றியும், அதில் ஏற்படும் குறைகளைப் பற்றியும் இன்று பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் வைத்திய சாஸ்திரம் படித்தவரல்ல. பள்ளிக்கூடப் படிப்புங்கூட அதிகமில்லை. புஸ்தகங்களை விலைக்கு வாங்கியும் இரவல் கேட்டும் படித்தது, படித்தவர்களை விடாமல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டது, இவ்வளவுதான் நம்முடைய யோக்கியதை. ஆனபடியால் நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்காகப் பக்கத்து ஜில்லாவிலுள்ள ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். நாம் தங்கியிருந்த வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசாது. கூப்பிட்டால் திரும்பாது. தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. "பிறவியிலேயே இப்படியா?" என்று நாம் கேட்டதுதான் தாமதம், வீட்டிலிருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கிரகணத்தன்று இவள் அரிவாள்மணையில் காய் நறுக்கினாள் என்றார் மாமியார். மாசமாயிருந்தபோது சொன்ன பேச்சைக் கேளாமல் சுடுகாட்டுப் பாதையில் போனாள் என்றார் பெரிய நாத்தனார். இவள் ஜாதகத்தில் புத்திர தோஷம் இருப்பதாக ஜோசியர் சொன்னார் என்றார் மாமனார். முன் ஜென்மத்தில் எந்தப் பிள்ளையின் வாயை அடைத்தாளோ என்றார் அண்டை வீட்டுப் பாட்டி. பட்டணத்திலிருந்து வந்திருந்த மைத்துனர் பி.எஸ்ஸி. படித்தவர், அவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, "அதெல்லாம் மூடநம்பிக்கை. இவள் எந்நேரமும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை" என்றார்.

தோழர்களே! ஐந்து பேர் ஐந்து காரணம் சொன்னார்கள். ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஐந்திலும் குற்றவாளி மாத்திரம் ஒருத்திதான். அந்தத் தாய் அடுப்படிக் கதவோரம் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். தகப்பனோ திண்ணையில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கிரகணத்தன்று அவர் என்ன நறுக்கினார் என்று கேட்பாரில்லை.

இந்தக் கர்ம பலன் என்கின்ற சங்கதியைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். பிள்ளையின் குறை யாருடைய வினையின் பலன்? தாயின் வினை என்றால், ஒருத்தி செய்த குற்றத்துக்கு மற்றொரு ஜீவனுக்குத் தண்டனை விதிப்பது எந்த ஊர் நியாயம்? பிள்ளையின் சொந்த வினைதான் என்றால், தாயை ஏன் ஏசுகிறீர்கள்? இரண்டு பேருடைய வினையும் சேர்ந்தது என்றால், அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர் யார்? அந்தக் கணக்குப் புஸ்தகம் எங்கே? இதற்கு ஒரு பதிலும் வராது. பதில் வராவிட்டாலும் பரிகாரச் செலவுப் பட்டியல் மாத்திரம் உடனே வந்துவிடும்.

நிற்க, கர்ம பலன் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்த மனிதன் மேற்கொண்டு தேடமாட்டான். இப்படித் தேடாமல் விட்டதனால் எவ்வளவு குழந்தைகள் நாசமானார்கள் என்பதற்கும், தேடியதனால் என்ன ஆயிற்று என்பதற்கும் நடந்த சரித்திரம் ஒன்றைச் சொல்லுகின்றோம்.

ஐரோப்பாவின் வட கோடியில் நார்வே என்று ஒரு தேசமிருக்கிறது. அங்கே ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். மூத்தது பெண், இளையது ஆண். இரண்டும் பிறந்தபோது நன்றாகவே இருந்தன. மாதம் ஆக ஆக மூத்ததற்குப் பேச்சு சரியாக வரவில்லை, நடையும் தள்ளாடிற்று. இளையதோ நான்கு வயதாகியும் நடக்கவில்லை, பேசவில்லை, தானாகச் சாப்பிடத் தெரியவில்லை. அந்தத் தாய் ஏறாத வைத்தியர் படியில்லை. வைத்தியரல்லாதவர் வீட்டுப் படிகளும் ஏறினார். எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் அந்தம்மாள் ஒன்றைக் கவனித்திருந்தார். இரண்டு குழந்தைகள் மேலும் ஒருவிதமான மக்கிய வாடை எப்போதும் வீசிக்கொண்டிருந்தது. எவ்வளவு குளிப்பாட்டினாலும் போகவில்லை. இந்த வாடைக்கும் பிள்ளைகளின் நிலைமைக்கும் ஏதோ சம்பந்தமிருக்க வேண்டும் என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். தாய்மார் பேச்சை எந்த தேசத்தில்தான் காதில் போட்டுக்கொள்ளுகிறார்கள்!

கடைசியாக 1934-ம் வருஷம் ஆஸ்லோ நகரத்தில் அஸ்பியோர்ன் ஃபெல்லிங் என்பவரிடம் போனார். அவர் முதலில் ரசாயனம் படித்து, பிறகு வைத்தியமும் படித்தவர். அவருக்கும் பெரிய நம்பிக்கையில்லை. இருந்தாலும் அந்தம்மாளைத் தட்டிக்கழிக்காமல் குழந்தைகளின் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்தார். பெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை அதில் சில துளி விட்டார். சர்க்கரை வியாதிக்காரர்களின் மூத்திரத்தைச் சோதிப்பதற்காக வழக்கமாகச் செய்கிற சோதனைதான் அது. வியாதியிருந்தால் சிவப்பு கலந்த நிறம் காட்டும். இல்லாவிட்டால் பழுப்பாகவே நிற்கும். இந்தக் குழந்தைகளின் மூத்திரமோ நல்ல பச்சையாக மாறிற்று. அவர் அப்படி ஒரு பச்சையை அதற்கு முன் பார்த்ததில்லை. எந்தப் புஸ்தகத்திலும் படித்ததுமில்லை.

இவ்விடத்தில் நம்மூர்க்காரராயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பச்சை அம்மனுக்குகந்த நிறம் என்று சொல்லி ஒரு கோயில் கட்டி உண்டியலும் வைத்திருப்பார். ஃபெல்லிங் அப்படிச் செய்யவில்லை. கொடுக்கிற மருந்துகளால் வந்த நிறமாயிருக்கலாமென்று சந்தேகப்பட்டு, எல்லா மருந்தையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். நிறுத்திப் பார்த்தும் பச்சைதான். பிறகு அந்தத் தாய் வாரக்கணக்கில் சுமந்துகொண்டு வந்து கொடுத்த மூத்திரத்தை, சுமார் 20 லிட்டரை, காய்ச்சி வடித்துப் பிரித்து, அதற்குள் இருந்த சரக்கு இன்னதென்று கண்டுபிடித்தார். அது பினைல்பைருவிக் அமிலம் என்பது. அதோடும் நிற்கவில்லை. இரண்டு குழந்தைகளை வைத்து முடிவு கட்டக்கூடாதென்று, மூளை வளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த விடுதிகளுக்குப் போய் 430 பேருடைய மூத்திரத்தைச் சோதித்தார். அவர்களில் 8 பேருக்கு அதே பச்சை வந்தது. அண்ணன் தங்கைகளுக்குச் சேர்ந்தாற்போல் வருவதைப் பார்த்து, இது பரம்பரையாக வரும் உடற்கோளாறு என்றும் எழுதினார்.

சங்கதி இவ்வளவுதான். பால், முட்டை, கறி, பருப்பு முதலிய புரதமுள்ள எல்லா ஆகாரத்திலும் பினைல்அலனைன் என்று ஒரு சத்து இருக்கிறது. நமக்கெல்லாம் ஈரலிலுள்ள ஒரு நொதி அதை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அந்த நொதி வேலை செய்யாமல் பிறக்கிற குழந்தைக்கு அந்தச் சத்து மாறாமல் ரத்தத்தில் தேங்கித் தேங்கி மூளையைக் கெடுத்துவிடுகிறது. பிறகு இதற்கு பினைல்கீட்டோனூரியா என்று பெயர் வைத்தார்கள். முன் ஜென்மத்தில் யாருடைய வாயையும் யாரும் அடைக்கவில்லை. இந்த ஜென்மத்தில் ஒரு நொதி இல்லை, அவ்வளவே.

காரணம் தெரிந்தும் அந்த நார்வேக் குழந்தைகள் இரண்டுக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரியம் மிஞ்சிவிட்டது. மருந்து வருவதற்கு இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு தாயின் பிடிவாதத்தால்தான் வந்தது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 1951-ல் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற வைத்தியர் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இந்த வியாதி இருப்பதைக் கண்டார். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் சோதனைத் தாளைத் தாய்க்குக் காட்டினார். அந்தம்மாள் அதைப் பார்த்து ஆச்சரியப்படவேயில்லை. "வியாதிக்குப் பெயர் சொன்னீர்கள், சரி. மருந்து எங்கே?" என்றார். மருந்தில்லை என்று சொல்லியும் போகவில்லை. தினந்தோறும் காலையில் சோதனைச்சாலை வாசலில் வந்து நிற்பார். எப்போது என் குழந்தைக்கு வழி செய்யப் போகிறீர்கள் என்பார். படித்தவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் வாசலில் நிற்பது எப்பொழுதும் நல்லதென்றே நமக்குத் தோன்றுகிறது.

வேறு வழியில்லாமல் பிக்கல் யோசித்தார். தேங்குகிற சத்தை நீக்கிய ஆகாரம் தயாரித்தாலென்ன? பாலிலுள்ள புரதத்தை அமிலத்தில் சிதைத்து, கரியின் வழியாக வடிகட்டி, பினைல்அலனைனை மட்டும் எடுத்துவிடும் முறையை லண்டனிலிருந்த லூயி உல்ஃப் என்பவர் அறிந்திருந்தார். அவர் உதவியோடு குளிர் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் குளிர் அறையிலேயே அந்த ஆகாரத்தைத் தயாரித்தார்கள். அதைக் கொடுக்கக் கொடுக்கக் குழந்தை மாறிற்று. ஓயாமல் அழுதுகொண்டும் தலையை முட்டிக்கொண்டும் கிடந்த குழந்தை தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது, கண்ணில் ஒளி வந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நம்மூர் விபூதிக்கும் அந்த மருந்துக்கும் என்ன வித்தியாசம்? விபூதி பூசியும் சில பிள்ளைகள் தேறத்தானே செய்கின்றன? தானாகத் தேறியதோ, ஆகாரத்தால் தேறியதோ என்பதை ருஜுப்படுத்தியாக வேண்டும். அதற்காக அவர்கள் தாய்க்குச் சொல்லாமலே ஆகாரத்தில் அந்தச் சத்தைத் திரும்பவும் கலந்துவிட்டார்கள். பத்து மாதத்தில் தேறியதெல்லாம் சில நாட்களில் போய்விட்டது. தாய் பதறிக்கொண்டு ஓடி வந்தார். பிறகு உள்ளதைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு இன்னொரு தடவையும் செய்து பார்த்து, 1953-ல் வெளியிட்டார்கள். ருஜுப்படுத்தியது சரி; ஆனால் பெற்றவளுக்குச் சொல்லாமல் செய்தது சரியென்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இன்றைக்கு அப்படிச் செய்ய எந்த நாட்டு வைத்திய விதியும் இடங்கொடாது.

அடுத்த காரியத்தைச் செய்தவரும் ஒரு தகப்பன்தான். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவருக்கு மூளை வளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருந்தான். மகனுக்கு இந்த வியாதியில்லை. மனைவியின் தங்கை மகளுக்கு இருந்தது. அவளுக்கு இன்னதென்று தெரிவதற்குள் பதினைந்து மாதம் கடந்துவிட்டது. பிறந்தவுடன் தெரிந்திருந்தால் மூளையைக் காப்பாற்றியிருக்கலாமே என்று அவருக்கு வேதனை. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றிச் சோதிக்கும் மலிவான முறையொன்றை அவர் கண்டுபிடித்தார். 4 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில் 39 குழந்தைகளுக்கு வியாதி தெரிந்தது. 1963-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் இதைச் சட்டமாக்கினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் இந்த வியாதியோடு பிறந்த குழந்தைகள் ஆகாரக் கட்டுப்பாட்டிலேயே வளர்ந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறார்கள். அதே வியாதியோடு சில வருஷம் முன்னதாகப் பிறந்தவர்கள் ஆயுள் முழுதும் விடுதியில் கிடந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கர்ம பலன் என்ன, லீவு எடுத்துக்கொண்டதா?

1938-ல் நோபல் பரிசு வாங்கிய பெர்ல் பக் என்ற அமெரிக்க எழுத்தாளருடைய மகளுக்கும் இந்த வியாதிதான். உலகமெல்லாம் புகழ்ந்த அந்தம்மாளே மகளைப் பற்றி 1950-ல்தான் வெளிப்படையாக எழுதினார். அப்பொழுது மகளுக்கு முப்பது வயது. என்ன வியாதியென்பது அதற்கும் பிற்பாடுதான் அவருக்குத் தெரியவந்தது. படிப்பும் பணமும் புகழும் இருந்தவருக்கே பிள்ளையின் குறையை வெளியில் சொல்ல அவ்வளவு காலமாயிற்று என்றால், அடுப்படிக் கதவோரம் நிற்கிறவர் எப்படி வாய் திறப்பார்?

தோழர்களே! இதுவரை நாம் பேசியதைக் கேட்டு, ஜோசியர் பொய், வைத்தியர் மெய் என்று நீங்கள் முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அப்படிப் போனால் ஒரு குருக்களை விட்டு இன்னொரு குருக்களிடம் போனதாகத்தான் ஆகும். படித்த வைத்தியர்களும் தாயின் தலையில் பழி போட்டிருக்கிறார்கள். அதுவும் ஊசியால் குத்துகிறாற் போல் அல்ல, கடப்பாரையால்.

1943-ல் லியோ கானர் என்ற அமெரிக்க வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதரோடு ஒட்டாமை, பேச்சில் கோளாறு, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தல், வைத்த பொருள் வைத்தபடியே இருக்க வேண்டுமென்ற பிடிவாதம் முதலியவைகளைக் கண்டு ஆட்டிசம் என்று பெயர் கொடுத்தார். அந்தக் கட்டுரையில் இது பிறவியிலேயே உள்ளதென்றுதான் எழுதியிருந்தார். ஆனால் சில வருஷத்தில் அவர் பேச்சே மாறிற்று. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்கள் அன்பில்லாத குளிர்ந்த சுபாவமுள்ளவர்கள், ஐஸ் பெட்டியில் வைத்தாற்போல் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்று எழுதினார். அவ்வளவுதான், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிகாகோவில் ப்ரூனோ பெட்டல்ஹைம் என்பவர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்திவந்தார். ஹிட்லருடைய சிறைமுகாமில் தாம் கண்ட கைதிகளின் நிலைமையையும் இந்தக் குழந்தைகளின் நிலைமையையும் ஒப்பிட்டு 1967-ல் பெரிய புஸ்தகமே எழுதினார். அப்படியானால் அந்த முகாமின் காவலாளி யார்? பெற்ற தாய்! பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்றார்கள். எத்தனையோ தாய்மார் அதை நம்பிப் பிள்ளையையும் ஒப்படைத்துவிட்டு, தாம் செய்யாத குற்றத்துக்காக வருஷக்கணக்கில் அழுதுகொண்டிருந்தார்கள். இந்தப் பெட்டல்ஹைம் வாங்கியிருந்த டாக்டர் பட்டம் அழகுணர்ச்சி பற்றிய தத்துவ ஆராய்ச்சிக்காகக் கிடைத்தது என்பதைப் பிற்காலத்தில் எடுத்துக் காட்டினார்கள். நம்மூர் மாமியாருக்கு அந்தப் பட்டமும் இல்லை; அது ஒன்றுதான் வித்தியாசம்.

இவர்களிடம் இருந்த ருஜு என்ன? தாய்மார்கள் வாடிய முகத்தோடு இருந்தார்கள் என்பதுதான். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு அலைகிறவள் வாடாமல் பூரித்துக்கொண்டா இருப்பாள்? விளைவைக் காரணமென்று எடுத்துக்கொண்டார்கள். குடை பிடித்ததால் மழை வந்தது என்கிற கதைதான்.

இதையும் உடைத்தவர் ஒரு தகப்பன். பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர் அமெரிக்கக் கப்பற்படையில் வேலை பார்த்த மனநூல் வல்லுநர். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். தம் மனைவி எப்படிப்பட்ட தாய் என்பது அவருக்குத் தெரியும்; புஸ்தகத்தில் எழுதியிருக்கிறபடி அவர் இல்லை. அகப்பட்ட ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, தாய்தான் காரணம் என்பதற்கு எங்கும் அத்தாட்சியில்லை, இது மூளையின் அமைப்பைப் பொறுத்தது என்று 1964-ல் எழுதினார். அந்தப் புஸ்தகத்துக்கு முன்னுரை கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கானர்தான். 1969-ல் பெற்றோர்களின் மகாநாட்டில் கானர் எழுந்து, உங்கள்மேல் குற்றமில்லை, விடுதலை செய்கிறேன் என்ற கருத்தில் பேசினார். தப்பைச் சபையில் ஒப்புக்கொண்டதற்காக அவரை நாம் பாராட்டுகிறோம். எந்த ஜோசியராவது தாம் எழுதிய ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

1977-ல் ஸூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டைக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 11 ஜோடி. அவர்களில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உண்டான இரட்டையர் 10 ஜோடி. அவர்களில் ஒரு ஜோடியில்கூட இருவருக்கும் இல்லை. இரு தரத்தாரையும் வளர்த்தவர்கள் தாய்மார்கள்தான். தாயின் சுபாவம்தான் காரணமென்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டென்பதைப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்மாருக்காக வாதாடி ஜெயித்த அதே ரிம்லாண்டு, வயதான காலத்தில் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்பதை நம்பினார். ஒரு காரியத்தில் சரியாயிருந்தவர் என்பதற்காக இன்னொரு காரியத்தில் அவருக்கு நாம் தலையாட்ட முடியாது. இந்தத் தடுப்பூசிப் புரளி 1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற வைத்தியர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையால் கிளம்பியது. அதில் புரட்டு இருந்தது வெளிப்பட்டு, 2010-ல் பத்திரிகையே கட்டுரையை ரத்து செய்தது. அவரையும் வைத்தியர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து, ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசம் அதிகமில்லையென்று 2019-ல் வெளியிட்டார்கள். 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே? ஆனால் நம்மூர் வாட்ஸ்அப்பில் அந்தப் பன்னிரண்டுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"பரம்பரை என்கிறீர்களே, அப்படியானால் சொந்தத்தில் கல்யாணம் செய்வது?" என்று மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. நல்ல கேள்வி. நாம் முன்னே சொன்ன பினைல்கீட்டோனூரியா போன்ற வியாதிகள் வருவதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான கூறு வந்தாக வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு வியாதி வராது. பழுதை வைத்திருப்பவருக்கே அது தெரியாது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு பயமுண்டு. அந்நியத்தில் கட்டினால் அதே பழுது எதிராளிக்கும் இருப்பது அபூர்வம். அக்காள் மகளைக் கட்டினால், மாமனிடமுள்ள பழுது அவளிடமும் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகளானால் எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுகிறது. ஆகவே சொத்து வெளியில் போகாதென்று உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்குகிறவர்கள், சொத்தோடு வேறென்ன உள்ளேயே தங்குகிறதென்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கனவே கட்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே பிறக்கிறார்கள். அன்றியும் இதில் இரண்டு பேர் பங்கும் சரிபாதி. இதையும் கொண்டுபோய்த் தாய் தலையில் வைத்தீர்களானால் நாம் இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியது வீண்.

இன்னொரு சீட்டில், "மருந்தில்லாத குறையுள்ள பிள்ளையை என்ன செய்வது? வளர்த்துத்தான் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறார்கள். எழுதியவர் பெற்றவராயிருந்தால் அவருடைய களைப்பு நமக்குப் புரிகிறது. பதிலாக ஒரு சங்கதி. 1930-களில் அமெரிக்காவில் அயோவா மாகாணத்து அனாதை விடுதியில் ஹரால்டு ஸ்கீல்ஸ் என்ற மனநூல் வல்லுநர் வேலை பார்த்தார். அங்கே குழந்தைகளுக்குப் பால் உண்டு, சுத்தம் உண்டு. தூக்குவார், கொஞ்சுவார் இல்லை. மந்தமென்று முத்திரை குத்தப்பட்ட இரண்டு பெண் குழந்தைகளை அறிவு வளர்ச்சி குன்றிய பெண்கள் வாழும் விடுதிக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்கள் குழந்தைகளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. சில மாதங்களில் அவைகள் சாதாரணக் குழந்தைகளைப் போல் ஆடவும் பேசவும் ஆரம்பித்துவிட்டன! ஸ்கீல்ஸ் இதைக் கண்டு, மொத்தம் 13 குழந்தைகளை அவ்விதம் வளர்க்கச் செய்து, அனாதை விடுதியிலேயே இருந்த 12 குழந்தைகளோடு ஒப்பிட்டார். 13 பேருக்கும் அறிவு அளவு ஏறிற்று; மற்றவர்களுக்கு ஒருவர் தவிர அநேகமாக எல்லோருக்கும் இறங்கிற்று. பெரிய பேராசிரியர்கள் இதைப் பரிகாசம் செய்தார்கள். அவர் 25 வருஷத்துக்கு மேல் பொறுத்திருந்து, எல்லோரையும் தேடிக் கண்டுபிடித்து 1966-ல் எழுதினார். 13 பேரும் யார் கையையும் எதிர்பாராமல் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற 12 பேரில் ஒருவர் விடுதியிலேயே இறந்துபோனார். சிலர் இன்னும் விடுதியிலேயே இருந்தார்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு உடற்கோளாறு இருந்ததாகச் சொல்ல முடியாது. உள்ள கோளாறெல்லாம் இதனால் தீருமென்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் நல்ல மூளையே பேச்சுத் துணையில்லாமல் மங்கிப்போகுமென்றால், குறையுள்ள பிள்ளையை மூலையில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் யார்? புத்தியில்லாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கி வைத்த பெண்கள்!

நாம் முதலில் சொன்ன பெண் குழந்தையைப் பற்றி என்னவாயிற்றென்று கேட்பீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்லுகின்றோம். அன்றைக்குக் கர்ம பலனை ஒரு மணிநேரம் கண்டித்துப் பேசிவிட்டு நாமும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்தக் குழந்தைக்கு என்னவாயிருக்குமென்று நமக்கும் தோன்றவில்லை. அடுத்த வருஷம் அந்த ஊர்ப் பள்ளிக்கு வந்த ஒரு இளம் ஆசிரியை குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டுப் பார்த்திருக்கிறார். குழந்தை திரும்பவில்லை. காலால் தரையைத் தட்டினார், திரும்பியது. குழந்தைக்குக் காது கேட்கவில்லை! அவ்வளவுதான் விஷயம். தூணைச் சுற்றியது, கூப்பிட்டால் வராதது, பேசாதது எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். இப்போது காதில் கருவி மாட்டியிருக்கிறார்கள். கையால் சைகை பேசவும் கற்றுக்கொண்டிருக்கிறது. வாய்ப்பேச்சு வருவது கஷ்டமென்கிறார்கள். பேச்சு படிகிற முதல் ஐந்து வருஷமும் பரிகாரத்தில் போய்விட்டது.

தாய்மார்களே! கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் குதிகால் ரத்தச் சோதனையும், காது கேட்கிறதா என்ற சோதனையும் செய்ய முடியுமா என்று ஆஸ்பத்திரியில் நீங்களாகவே கேளுங்கள். அந்த ஒரு துளி ரத்தத்திலேயே தைராய்டு சுரப்புக் குறையும் தெரிந்துவிடும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும் அந்தக் குறைக்கு விலை மலிவான மாத்திரை இருக்கிறது. முதல் சில வாரங்களுக்குள் ஆரம்பித்தால் மூளை தப்பிவிடும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், கை காட்டிக் கேட்காவிட்டால், ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வராவிட்டால், வந்த பேச்சு நின்றுபோனால், அப்பனும் பேசத் தாமதமானவன்தான் என்று பெரியவர்கள் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின்கீழ் வைத்தியக் குழு வருகிறது, அவர்களிடம் காட்டுங்கள். மாவட்ட அளவிலான அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். சீட்டுக் கொடுக்கிற இடத்தில் அப்படி ஒன்று தெரியாதென்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். குழந்தைகள் பிரிவில் போய்க் கேளுங்கள். போகும்போது பிள்ளையின் தகப்பனையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.